குடல் நுண்ணுயிர்களும் நம் பினாங்குச் சாப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடல் நுண்ணுயிர்கள் பற்றிப் பினாங்கில் நம்மவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நான் உணவியல் படித்தவள், மருத்துவர் இல்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் கீமோ சிகிச்சையில் இருப்பவர்களும் கடைசிக்கு முந்தைய கேள்வியை முதலில் படித்துவிடுங்கள்.

மைக்ரோபயோம், மைக்ரோபயோம் என்கிறார்களே, அது என்ன?

நம் உடம்பில், முக்கியமாகப் பெருங்குடலில், குடியிருக்கும் பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்கு அந்தப் பெயர். இரைப்பையின் அமிலத்தில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. சிறுகுடலில் உணவு வேகமாக நகர்ந்துவிடும். பெருங்குடலில்தான் அவற்றுக்கு நேரமும் இடமும் கிடைக்கின்றன. 2016-இல் வெளியான ஒரு கணக்குப்படி, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்கும், அவருடைய சொந்த செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. பாக்டீரியா அத்தனையையும் நிறுத்தால் 200 கிராம்தான் வரும். "நம் செல்களைவிடப் பத்து மடங்கு பாக்டீரியா, எடை இரண்டு கிலோ" என்று வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுவது பழைய தோராயக் கணக்கு.

நான் சாப்பிடுவது அவற்றுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

வெள்ளைச் சோற்றின் மாவுச்சத்து, தே தாரிக்கின் சர்க்கரை, எண்ணெய், மீன், முட்டை இவற்றில் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிக்கொள்ளும். பெருங்குடலுக்குப் போவது நம்மால் செரிக்க முடியாத மிச்சம். அந்த மிச்சத்தில் முக்கியமானது நார்ச்சத்து. பருப்பு, கீரை, வெண்டைக்காய், கொய்யா, முழுத்தானியம் எல்லாம் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

பாக்டீரியா அந்த நாரைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. இதில் பியூட்டிரேட் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான எரிபொருள். அந்த செல்கள் தங்களுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியை ரத்தத்திலிருந்து எடுப்பதில்லை, இந்தப் பாக்டீரியா தருவதிலிருந்தே எடுக்கின்றன. அதனால் நார் சாப்பிடாத நாளில் நாம் பட்டினி போடுவது பாக்டீரியாவை மட்டும் இல்லை.

நார் கிடைக்காவிட்டால் அவை சும்மா இருக்குமா? 2016-இல் எலிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், நாரில்லாத உணவு கொடுத்ததும் சில பாக்டீரியா குடல் சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. படலம் மெலிந்தது, நோய்க்கிருமிக்கு வழி சுலபமாயிற்று. எலியில் பார்த்ததை அப்படியே மனிதருக்குச் சொல்ல முடியாது என்றாலும், திசை புரிகிறது.

எவ்வளவு நார் வேண்டும்?

மலேசியப் பரிந்துரை ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம். வேகவைத்த வெள்ளைச் சோறு ஒரு கப்பில் ஒரு கிராம்கூட இல்லை. கெட்டியாக வேகவைத்த பருப்பு ஒரு கப்பில் சுமார் 15 கிராம். கொய்யா 100 கிராமில் 5 கிராமுக்கு மேல். வெண்டைக்காய் 100 கிராமில் சுமார் 3. சுகாதார அமைச்சின் 2019 கணக்கெடுப்பில், நூறு பெரியவர்களில் ஏறத்தாழ 95 பேர் போதுமான காய்கறி, பழம் சாப்பிடுவதில்லை என்று தெரிந்தது. ஆக, இது எந்த ஒரு இனத்தின் குறையும் இல்லை, நாடே அப்படித்தான் சாப்பிடுகிறது.

தைப்பூசத்துக்கு 48 நாள் சைவம் இருக்கிறேன். குடல் சுத்தமாகிவிடுமா?

சுத்தம் என்பது பக்தியின் கணக்கு, அதில் நான் தலையிடவில்லை. குடலின் கணக்கைச் சொல்கிறேன்.

மாற்றம் வர 48 நாள் தேவையே இல்லை. 2014-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வில், சில தன்னார்வலர்களுக்கு ஐந்து நாள் முழுக்க இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு ஐந்து நாள் தானியம், பருப்பு, காய், பழம் மட்டும். இறைச்சி உணவுக்கு மாறியதும் ஓரிரு நாளிலேயே குடலில் யார் கூடுதல், யார் குறைச்சல் என்பது மாறிவிட்டது. பித்தநீரைத் தாங்கக்கூடிய பாக்டீரியா பெருகின, செடிகளின் நாரைப் பிரிக்கிறவை குறைந்தன. அந்த உணவை நிறுத்திய இரண்டு நாளில் எல்லாம் ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன. விரதக்காரர்கள் கவனிக்க வேண்டியது இந்தத் திரும்பும் வேகத்தைத்தான். தண்ணீர்மலையில் காவடி இறக்கி வைத்த மறுநாளே பழைய சாப்பாட்டுக்குப் போனால், 48 நாளில் வந்ததும் அதே வேகத்தில் போய்விடும்.

2015-இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 20 பேர், தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேர், இரண்டு வாரத்துக்கு ஒருவர் சாப்பாட்டை மற்றவர் சாப்பிட்டார்கள். கிராமத்து உணவுக்கு மாறிய அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் கூடியது, குடல் புற்றுநோய் அபாயத்தோடு தொடர்புள்ள அழற்சி அறிகுறிகள் குறைந்தன. கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த அமெரிக்க உணவுக்கு மாறிய கிராமத்தாருக்கு நேர் எதிராக நடந்தது. வெறும் இரண்டு வாரம்!

அப்புறம் ஒன்று. விரதம் என்றால் தட்டில் காய்கறி அதிகமாக வேண்டும். நம் ஊர்ச் சைவக் கடைகளில் பலர் தட்டில் பார்ப்பது சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்த 'மட்டன் வறுவல்', 'சிக்கன் சாம்பல்', பொரித்த உருளைக்கிழங்கு, ஒரு குன்று சோறு. கடைசியில் பந்தலில் இரண்டு கிளாஸ் ரோஸ் சிரப். அசைவம் இல்லை, சரி. குடலுக்கு அதில் பெரிய விருந்தும் இல்லை. அந்தத் தட்டில் ஒரு கரண்டி கீரைக் கூட்டும் ஒரு கரண்டி கடலையும் ஏறினால் கதையே வேறு.

நாசி கண்டாரை விட வேண்டுமா?

பினாங்கில் இருந்துகொண்டு அப்படி ஒரு ஆலோசனை சொன்னால் என்னை யாரும் வீட்டுக்குள் விடமாட்டார்கள். விட வேண்டாம். ஆனால் வாரத்தில் எத்தனை தடவை, தட்டில் என்ன என்பதைப் பார்க்கலாம்.

சாதாரணமாக நாம் கேட்பது மேடு கட்டிய வெள்ளைச் சோறு, பொரித்த கோழி, மேலே நாலு குழம்பும் கலந்து வெள்ளம். காய் என்றால் இரண்டு வெண்டைக்காய், அதுவும் கடைக்காரர் மனசு வைத்தால். பெருங்குடலுக்கு இதில் கிடைப்பது மிகக் கொஞ்சம். இதே கடையில் "நாசி செத்தெங்ஙா" என்று பாதிச் சோறு கேளுங்கள். வெண்டைக்காயைப் பக்கக்கறியாக நினைக்காமல் ஒரு கைப்பிடி வைக்கச் சொல்லுங்கள். முட்டைக்கோஸ் இருந்தால் அதுவும். பருப்பும் காயும் கலந்த டால்ச்சா வைத்திருக்கும் கடையில் குழம்பு வெள்ளத்துக்குப் பதில் அதை ஊற்றச் சொல்லலாம். இந்தத் தட்டு சுகாதார அமைச்சு சொல்லும் 'சூக்கு சூக்கு செப்பாரோ' கணக்குக்கு (கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டு காயும் பழமும்) முழுசாகப் பொருந்தாது. கிட்டே வரும்.

ஆட்டிறைச்சிப் பிரியர்களுக்கு ஒரு தகவல். சிவப்பு இறைச்சியில் உள்ள கார்னிட்டின் என்ற பொருளைச் சில குடல் பாக்டீரியா டிஎம்ஏ என்ற வேதிப்பொருளாக மாற்றும், கல்லீரல் அதை டிஎம்ஏஓ என்ற இன்னொரு பொருளாக ஆக்கும். ரத்தத்தில் இது கூடுதலாக இருப்பவர்களுக்கு இதய நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. இதுவே காரணமா, கூட வரும் அடையாளமா என்ற வாதம் முடியவில்லை. நீண்ட நாள் சைவம் சாப்பிட்டவருக்கு கார்னிட்டின் கொடுத்தபோது டிஎம்ஏஓ மிகக் குறைவாகவே உருவானது என்பது இதில் சுவாரஸ்யமான சங்கதி. ஒரே உணவு, வேறு வேறு குடல், வேறு வேறு விளைவு.

பழைய சோறு உண்மையிலேயே நல்லதா? இப்போது யூடியூப் முழுக்க அதுதான்.

நல்லதுதான். அமிர்தம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

இதில் இரண்டு விஷயம் நடக்கிறது. முதலாவது, சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலால் செரிக்க முடியாத வடிவத்துக்கு மாறும். அந்தப் பகுதி நார்ச்சத்து போலப் பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியாவுக்கு உணவாகிறது. 2015-இல் வெளியான ஓர் இந்தோனேசிய ஆய்வில், புதிதாக வடித்த சோறு 100 கிராமில் இப்படிப்பட்ட மாவுச்சத்து 0.64 கிராம் இருந்தது. 24 மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துத் திரும்பச் சூடாக்கிய சோற்றில் 1.65 கிராம். இரண்டரை மடங்கு என்று சொன்னால் பிரமாதமாக இருக்கும். கூடியது ஒரு கிராம் என்று சொன்னால்? இரண்டும் அதே கணக்குதான். சாப்பிட்ட பிறகு ரத்தச் சர்க்கரை ஏறுவதும் ஓரளவு குறைந்தது. ஆனாலும் அது சோறுதான். நீரிழிவுக்காரர் "பழையதுதானே" என்று இரண்டு கிண்ணம் சாப்பிட்டால் மீட்டர் உண்மையைச் சொல்லிவிடும். 2019 கணக்கெடுப்பில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு இருந்தது, எல்லா இனத்திலும் அதுவே அதிகம். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது, தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க வைக்கும்போது லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா பெருகி, லேசான புளிப்பு வருகிறது. அந்தத் தண்ணீரோடு குடித்தால் உயிருள்ள பாக்டீரியாவும் உள்ளே போகின்றன.

ஆபத்தும் இருக்கிறது. அரிசியில் பாசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் விதைத்துகள்கள் இருக்கலாம், வேகவைத்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகத் திறந்து கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சு சுரக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. நம் ஊரில் இரவில்கூட வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை என்பதை மறக்கக்கூடாது. மத்தியானம் வடித்த சோற்றை ரைஸ் குக்கரில் அணைத்தபடி விட்டுவிட்டு இரவு பத்து மணிக்குத் தண்ணீர் ஊற்றுவது பழைய சோறு செய்யும் முறை இல்லை. இரவு வடித்த சோற்றைச் சீக்கிரம் ஆறவைத்து, சுத்தமான பாத்திரத்தில், முழுதும் மூழ்கும்படி நல்ல தண்ணீர் ஊற்றி மூடி, காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். மத்தியானத்துக்கு வைக்காதீர்கள். வழவழப்போ கெட்ட வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள். கர்ப்பிணிகளும் எதிர்ப்புசக்தி குறைந்தவர்களும் இதைத் தவிர்த்து, குளிர்பெட்டியில் வைத்த சோற்றைச் சாப்பிடலாம்.

கூட வைக்கும் சின்ன வெங்காயம் சும்மா இல்லை. வெங்காயத்தில் உள்ள இன்யூலின் வகை நார், பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல கூட்டத்துக்கு மிகவும் பிடித்தமானது. உப்புக் கருவாட்டை மட்டும் அளவோடு.

இட்லி, தோசை மாவு புளிப்பதால் அவையும் புரோபயாடிக்தானே?

புரோபயாடிக் என்றால் உயிரோடு உள்ளே போய் நமக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர். மாவில் உயிர் இருக்கிறது. லூக்கோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாதான் அதைப் பொங்க வைக்கின்றன. ஆவியில் வெந்ததும் அவை செத்துப்போகும். ஆனால் புளித்தபோது நடந்த நன்மை மிச்சம் இருக்கும்: உளுந்து செரிப்பது எளிதாகும், சில சத்துகள் உடலில் சேர்வது கூடும். தெம்பேயும் அப்படித்தான், பொரித்தால் பூஞ்சை உயிரோடு இராது, சோயாவின் புரதமும் நாரும் இருக்கும். தெம்பேயை நம் வீடுகளில் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சமைக்கலாம் என்பது என் ஆசை. மிளகு போட்டு வறுத்தால் நன்றாக வரும்.

யாகுல்ட், வைட்டஜென் தினமும் குடிக்கலாமா? தயிர் போதுமா?

யாகுல்ட்டில் இருப்பது ஷிரோட்டா என்ற வகை பாக்டீரியா. 1930-இல் ஜப்பானிய மருத்துவர் மினோரு ஷிரோட்டா வளர்த்தெடுத்தது. உயிரோடு குடலுக்குப் போகிறது என்பது உண்மை. ஆனால் இப்படிப்பட்ட பானங்களின் பாக்டீரியா நம் குடலில் குடியேறுவதில்லை. விருந்தாளி போல வந்து, சில நாள் இருந்து, போய்விடும். குடிப்பதை நிறுத்தினால் அவையும் நின்றுவிடும். சர்க்கரை எவ்வளவு என்று புட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள், படித்துவிட்டு வாங்குங்கள். சர்க்கரை குறைத்த வகையும் கிடைக்கிறது.

வீட்டுத் தயிர் எனக்கு இவற்றைவிடப் பிடிக்கும். சர்க்கரை இல்லை, செலவு குறைவு. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் பாலின் லாக்டோஸில் ஒரு பகுதியைப் பாக்டீரியா முன்னமே தின்றிருக்கும். மோராகக் குடிக்கலாம். மோர்க்குழம்பாகக் கொதிக்கவிட்டால் ருசி இருக்கும், உயிர் இராது.

புளித்த உணவு பற்றி நல்ல சான்று ஒன்று இருக்கிறது. 2021-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து, 10 வாரம் ஒரு கூட்டத்துக்கு நார் மிகுந்த உணவும் மற்றதற்குத் தயிர், கெஃபிர், கிம்ச்சி போன்ற புளித்த உணவும் கொடுத்தார்கள். புளித்த உணவு சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடின, ரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. நார்க் கூட்டத்தில் வகைகள் அப்படிக் கூடவில்லை. அதை வைத்து நார் வேண்டாம் என்று முடிவுகட்ட வேண்டாம், 10 வாரம் அதற்குப் போதாமல் இருந்திருக்கலாம். இவர்கள் சாப்பிட்டது ஒரு நாளைக்கு ஆறு பங்கு வரை என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு ஸ்பூன் தயிர் அந்தக் கணக்கில் வராது.

சௌரஸ்தா சந்தையில் விற்கும் ஜாதிக்காய், மாங்காய் ஊறல்?

அவை பெரும்பாலும் சர்க்கரையிலும் உப்பிலும் புளிக்காடியிலும் ஊறியவை. ஆசைக்குச் சாப்பிடுங்கள், பாக்டீரியாவை எதிர்பார்க்காதீர்கள். நம் எண்ணெய் ஊறுகாயும் அதே கதை.

வாரத்துக்கு 30 வகைச் செடிகள் சாப்பிட வேண்டுமாமே?

2018-இல் வெளியான 'அமெரிக்கன் கட்' என்ற பெரிய திட்டத்தின் முடிவிலிருந்து வந்த எண் இது. வாரத்தில் 30 வகைக்கு மேல் தாவர உணவு சாப்பிடுகிறவர்களின் குடலில், 10 வகையோ அதற்குக் குறைவாகவோ சாப்பிடுகிறவர்களைவிட நுண்ணுயிர் வகைகள் அதிகம் இருந்தன. தாமாக முன்வந்து மாதிரி அனுப்பியவர்களின் கணக்கு என்பதால் இதைச் சட்டமாக எடுக்கக்கூடாது. 28-க்கும் 31-க்கும் நடுவே எதுவும் நடந்துவிடாது.

ஆனால் வெள்ளைக்காரர்களுக்கு மலைப்பாகத் தெரியும் இந்த எண் நம் சமையலறைக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. ஒரு சாம்பார் வையுங்கள்: துவரம்பருப்பு, முருங்கைக்காய், கத்திரிக்காய், தக்காளி, வெங்காயம், புளி, மல்லி, கறிவேப்பிலை. பக்கத்தில் பயற்றங்காய்ப் பொரியல், தேங்காய். மசாலாவை விட்டுவிட்டே எண்ணினாலும் ஒரு வேளையில் பத்து வந்துவிட்டது. காலைச் சந்தையில் 'பெகாகா' என்று கட்டுக்கட்டாக வைத்திருப்பது நம் வல்லாரைதான், துவையலாக அரைக்கலாம். கங்கோங், சாயூர் மானிஸ், முருங்கைக்கீரை மாறி மாறி வாங்குங்கள். பெத்தாய் பிடித்தால் அதுவும். மலாய்க்காரர் வீட்டு உலாமும் (பச்சையாகச் சாப்பிடும் இலைதழைகள்) நாசி உலாமும் இந்த விஷயத்தில் நம்மைவிட ஒரு படி மேலே.

எங்கே இடிக்கிறது என்றால், சமைக்கிற வீடுகளுக்குத்தான் இது சுலபம். மூன்று வேளையும் கடையில் 'புங்குஸ்' (பொட்டலம்) வாங்குகிற, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்க்கிற பிள்ளைகளிடம் சாம்பார் வை என்றால் கோபம் வரும். அவர்களுக்கு: காலையில் ரொட்டி சானாய்க்குப் பதில் தோசை, பருப்பை இன்னொரு கரண்டி. கலவைச் சோற்றுக் கடையில் இரண்டு காய், ஒரு இறைச்சி. இடைவேளையில் வறுத்த கச்சாங். பழ வண்டியில் கொய்யா, புளிப்பு உப்புப்பொடி கொஞ்சமாக.

தாத்தா காலத்து எஸ்டேட் சாப்பாடுதான் சிறந்தது என்கிறார்களே?

பாதி உண்மை. தாய்லாந்து, மியன்மார் பக்கத்து மோங், கரேன் மக்கள் அமெரிக்காவில் குடியேறியபோது என்ன ஆனது என்று 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. போன சில மாதங்களிலேயே அவர்களுடைய குடல் நுண்ணுயிர் வகைகள் குறையத் தொடங்கின, ஊர்ச் செடிகளின் நாரைப் பிரிக்கும் திறனும் குறைந்தது. எவ்வளவு காலம் அங்கே இருந்தார்களோ அவ்வளவு குறைவு, பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. நகரத்துக்கு வந்த நம் குடும்பங்களிலும் இப்படி ஏதோ நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

ஆனால் நுண்ணுயிர் வகைகள் கூடுதலாக இருந்தாலே ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மலேசிய ஓராங் அஸ்லி (பூர்வகுடி) கிராமம் ஒன்றில் செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. குடலில் புழு உள்ளவர்களுக்கு, இல்லாதவர்களைவிட நுண்ணுயிர் வகைகள் அதிகம் இருந்தன. அதற்காக யாரும் புழுவை வரவேற்க மாட்டார்கள். எஸ்டேட் காலத்தில் கீரையும் மரவள்ளியும் இருந்தன. ரத்தசோகையும் புழுவும் கூட இருந்தன. கீரையை எடுத்துக்கொள்வோம்.

பருப்பு, கடலை சாப்பிட்டால் வாயு தொல்லை. பாக்டீரியாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

ரொம்பவே ஒத்துக்கொள்கிறது, அதனால்தான் வாயு. பருப்பில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளைப் பிரிக்கும் நொதி நம்மிடம் இல்லை, பாக்டீரியாவிடம் இருக்கிறது. கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவையுங்கள். அளவை மெதுவாகக் கூட்டுங்கள், முதல் வாரம் இரண்டு கரண்டி போதும். தண்ணீரும் கூடக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நார் மலச்சிக்கலை மோசமாக்கும்.

வயிற்று உப்புசத்தோடு வலியும் பேதியும் மாறி மாறி வருகிறவர்களுக்கு எரிச்சல் குடல் நோய் இருக்கலாம். அவர்களுக்கு வெங்காயம், பூண்டு, பருப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கும் முறையை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கியது. உணவியல் நிபுணர் துணையோடு செய்யுங்கள். நிரந்தரமாக நிறுத்தினால் பிஃபிடோபாக்டீரியா குறைந்துவிடும்.

நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் மாத்திரை எடுக்கிறீர்களா? உப்புசமும் பேதியும் அதனாலும் வரும். அந்த மாத்திரை குடல் நுண்ணுயிர்களையே மாற்றுகிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்ற வழியுண்டு.

தே தாரிக், கோப்பி?

கோப்பிக்கு நல்ல செய்தி. 2024-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றில், கோப்பி குடிப்பவர்களின் குடலில் லாசோனிபாக்டர் என்ற ஒரு பாக்டீரியா பல மடங்கு அதிகம் இருந்தது. கஃபீன் இல்லாத கோப்பியும் அதே வேலையைச் செய்தது. அந்தப் பாக்டீரியாவால் நமக்கு என்ன லாபம் என்பது வேறு விஷயம். கோப்பித்தியாம் கோப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்தே வறுக்கிறார்கள், மேலே கெட்டிப்பால் வேறு. "கோப்பி ஓ கோசோங்" (பாலும் சர்க்கரையும் இல்லாதது) பழகிக்கொண்டால் நல்லது, முடியாவிட்டால் "கூராங் மானிஸ்" (இனிப்பு குறைவு).

சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பு என்றால், 2022-இல் 120 பேரை வைத்துச் செய்த சோதனையில் சாக்கரின், சுக்ரலோஸ், ஆஸ்பர்டேம், ஸ்டீவியா நான்குமே குடல் நுண்ணுயிர்களை ஓரளவு மாற்றின. சாக்கரினும் சுக்ரலோஸும் சிலருக்குச் சர்க்கரையைத் தாங்கும் திறனையும் குறைத்தன. எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆகவில்லை. இனிப்பின் அளவையே மெதுவாகக் குறைப்பதைத்தான் நான் சொல்வேன்.

ஆன்டிபயாடிக் முடித்ததும் புரோபயாடிக் மாத்திரை வாங்கலாமா?

ஆன்டிபயாடிக் வேண்டாத பாக்டீரியாவோடு வேண்டியதையும் கொல்லும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ கூட்டம் திரும்பும். மாத்திரை விழுங்கினால் சீக்கிரம் திரும்பும் என்ற நம்பிக்கைக்கு 2018-இல் ஓர் இஸ்ரேலிய ஆய்வு அடி கொடுத்தது: புரோபயாடிக் எடுத்தவர்களுக்குத் தங்கள் சொந்தக் கூட்டம் திரும்பவரக் கூடுதல் காலம் ஆனது. ஆன்டிபயாடிக்கால் வரும் பேதியைக் குறைக்கச் சில வகைகள் உதவும் என்பதும் உண்மை, அதை டாக்டரோ பார்மசிஸ்ட்டோ தேர்ந்தெடுக்கட்டும். சளிக்கும் காய்ச்சலுக்கும் கிளினிக்கில் "ஆன்டிபயாடிக் கொடுங்க டாக்டர்" என்று நாமே கேட்பதை நிறுத்துவது இன்னும் பெரிய உதவி.

மலத்தை அனுப்பி மைக்ரோபயோம் டெஸ்ட் எடுக்கலாமா?

காசை மிச்சம் பிடியுங்கள். எது சாதாரண அளவு என்றே இன்னும் முடிவாகவில்லை. அறிக்கையின் கடைசியில் கூடுதலாகக் காய்கறி சாப்பிடுங்கள் என்றுதான் வரும்.

இதெல்லாம் யாருக்குப் பொருந்தாது?

சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கும் பருப்பு, கீரை, வாழைப்பழம், கொய்யா, இளநீர் இவற்றிலுள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். நார்ச்சத்து நல்லது என்று படித்துவிட்டு யாரும் தட்டை மாற்றவேண்டாம், உங்கள் மருத்துவமனை உணவியல் நிபுணரிடம் கேட்டபின் மாற்றுங்கள். கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் புரோபயாடிக் மாத்திரையையும் பழைய சோற்றையும் தவிர்க்க வேண்டும். குடல் அறுவை செய்தவர்களுக்கும் குடல் அடைப்பு வந்தவர்களுக்கும் அதிக நார் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

வயிறு சரியில்லை என்றால் எவ்வளவு நாள் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம்?

மலத்தில் ரத்தம், கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைதல், விடாத காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ஐம்பது வயதுக்குப் பிறகு திடீரென்று மாறிய மலப் பழக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நாள்கூட மோரும் வெந்தயமும் என்று தள்ளிப்போடாதீர்கள். மூலம்தான் என்று நாமே முடிவுகட்டி உட்கார்ந்துவிடுகிற பழக்கம் நம்மிடம் அதிகம். 50 வயது ஆனவர்கள் எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும் அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். கொடுக்க வேண்டியது ஒரு சின்னக் குப்பி அளவு மாதிரிதான். அப்பாவும் மாமாவும் கூச்சப்பட்டு மறுப்பார்கள், கூட ஒருவர் போய் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.